பழைய கிளட்ச், புதிய கிளட்ச், என் இடது கால்

தளி சாலையில் ஒரு ஏற்றத்தின் பாதியில் இரண்டு கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. விடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். முன்னால் நிற்கும் காரின் பின்விளக்கு மட்டும் பனிமூட்டத்துக்குள் கோவைப்பழம்போலச் சிவந்து தெரிகிறது. கொத்தமல்லிக் கட்டுகள் ஏற்றிய டெம்போ ஒன்று எங்களைக் கடந்து ஓசூர்ப் பக்கம் இறங்குகிறது. அது போய் வெகுநேரம் ஆன பிறகும் கொத்தமல்லி வாசனை கார் கண்ணாடிக்கு உள்ளேயே இருக்கிறது.

நான் பின்னால் நிற்கும் புதுக் காரில் உட்கார்ந்திருக்கிறேன். கை பிரேக் போட்டிருக்கிறது. கிளட்சை முழுக்க மிதித்து, முதல் கியரைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இடது காலை மிக மெதுவாக மேலே விடுகிறேன்.

எந்த இடத்தில் பிடிக்கும் என்று பாதத்தால் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெடல் வருகிறது. இன்னும் வருகிறது. திடீரென்று என்ஜின் சத்தம் கனத்து, வண்டி லேசாக மூக்கைத் தூக்குகிறது. அப்போதுதான் கிளட்ச் பிடித்துவிட்டது என்று தெரிகிறது. காதுக்குத் தெரிந்தது, முதுகுக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை.

மறுபடி மிதித்தேன். மறுபடி விட்டேன். இருபது தடவையாவது செய்திருப்பேன். பிறகு நோட்டை எடுத்து எழுதினேன்: ‘புதுக் காரின் பெடலில் உணர்வு இல்லை.’

அந்த ஒரு வரியால் ஒருவன் தன் இடத்தை இழந்தான்.

என் காலுக்குக் கிடைத்த மரியாதை

ஓசூர் நாட்களைப் பற்றி எழுதத் தொடங்கியதிலிருந்து சில வாசகர்கள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். காரை ஓட்டிப் பார்த்து அபிப்பிராயம் சொல்வதும் ஒரு வேலையா? அதற்கு ஒரு ஆளா?

ஆள்தான். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலையை அகலப்படுத்த இருபுறமும் மண்ணைக் குவித்திருந்த காலம். நான் வேலை பார்த்த தொழிற்சாலை கிளட்ச் பாகங்களும் பெடல்களும் செய்து கார் கம்பெனிகளுக்கு அனுப்பியது. பாகம் சரியான அளவில் இருந்தால் மட்டும் போதாது. மிதிப்பவன் காலுக்கு அது எப்படி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அதை அளக்கக் கருவிகள் இருந்தன. ஆனாலும் கடைசியில் ஒரு மனிதக் கால் ‘சரி’ என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கால் என்னுடையது.

அருப்புக்கோட்டையிலிருந்து டிப்ளமோவும் ஒரு பெட்டியுமாக வந்தவன் நான். வந்த முதல் டிசம்பரில் குளிருக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்கியவன். முதலில் அசெம்பிளியில் இருந்தேன். ஒருநாள் லைனில் வந்த பெடல் ஒன்றைச் சும்மா மிதித்துப் பார்த்துவிட்டு, அச்சைத் தாங்கும் புஷ் வளையம் உள்ளே கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்றேன். பிரித்துப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. எங்கள் மேலாளர் ரகுராமன் சார் என்னை டெஸ்ட் டீமுக்கு எடுத்துக்கொண்டார். “கதிரேசன் கால் சொன்னா மெஷின் சொன்ன மாதிரி” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். எனக்குப் பெருமையாக இருக்கும். மற்றவர்கள் கனத்த ஷூவில் நடக்கிற தொழிற்சாலையில் நான் மட்டும் அடி தேய்ந்த கேன்வாஸ் ஷூவோடு நடப்பேன். பாதத்துக்கும் பெடலுக்கும் நடுவில் அதிகம் எதுவும் இருக்கக் கூடாதல்லவா.

நாகராஜு எனக்கு அடுத்து டெஸ்ட் டீமில் சேர்ந்தவன். என் வயதுதான். தளிக்காரன். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். கன்னடத்தில் சிநேகிதர்கள் ஒருவரையொருவர் ‘குரு’ என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். அவன் என்னை அப்படித்தான் கூப்பிடுவான்.

கம்பியும் எண்ணெயும்

அந்தக் குளிர்காலத்தில் ஒரு கார் கம்பெனி எங்களுக்கு இரண்டு வண்டிகளை அனுப்பியது. இரண்டும் வேகத்துக்காகச் செய்த நான்கு கதவுக் கார்கள். ஒன்று பத்து வருடத்துக்கு முந்தையது. மற்றது அதன் வாரிசு, புதிது. பழையதை ஓட்டியவர்கள் புதியதில் உட்கார்ந்ததும் கிளட்ச் நன்றாக இல்லை என்கிறார்களாம். என்ன குறை என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. நீங்கள் கண்டுபிடியுங்கள் என்றார்கள்.

பழைய காரில் பெடலிலிருந்து கிளட்ச் வரைக்கும் ஒரு எஃகுக் கம்பி போகிறது. கால் மிதித்தால் கம்பி இழுக்கும். பெங்களூர் நெரிசலில் ஒரு மணி நேரம் ஓட்டினால் தொடை பிடித்துக்கொள்ளும் அளவுக்குக் கனமான பெடல். ஆனால் கம்பி இரண்டு பக்கமும் வேலை செய்யும். கிளட்ச் தகடு சுழலும் சக்கரத்தைத் தொடும்போது உண்டாகும் நடுக்கம் அதே கம்பி வழியாகத் திரும்பி வந்து பாதத்தில் குறுகுறுக்கும். தகடு தேயத் தேயப் பெடல் இன்னும் இறுகும், பிடிக்கும் இடமும் மேலே ஏறிக்கொண்டே வரும். வண்டியின் வயதைக் காலாலேயே சொல்லிவிடலாம்.

புதுக் காரில் கம்பி இல்லை. ஒரு குழாயில் எண்ணெய். பெடல் எண்ணெயைத் தள்ளுகிறது, எண்ணெய் கிளட்சைத் தள்ளுகிறது. பாதி தூரம் போனதும் ஒரு ஸ்பிரிங் சேர்ந்துகொண்டு சுமையைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும். தேய்மானத்தை எண்ணெயே சரிக்கட்டிக்கொள்ளும். முதல் நாளும் மூன்றாவது வருடமும் ஒரே மாதிரி இருக்கும். நடுக்கமெல்லாம் வழியிலேயே எண்ணெயில் கரைந்துபோகும். தலையணையை மிதிப்பதுபோல இருக்கும்.

முழுக்கக் கரைந்துபோகிறதா, கொஞ்சம் மிச்சம் வந்து சேர்கிறதா? எங்கள் சண்டையே அதுதான்.

“மெதுவாப் பேசுது, அவ்ளோதான்”

தளி சாலையில் அன்று நாங்கள் கார் மாற்றிக்கொண்டோம். நாகராஜு புதுக் காரில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தான். இறங்கும்போது சிரித்துக்கொண்டே இறங்கினான்.

“இருக்குது குரு. பழசு கத்திச் சொல்லுது. இது காதுகிட்ட வந்து மெதுவாப் பேசுது, அவ்ளோதான்.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

“கட்டைவிரலுக்குக் கீழ பாரு. எறும்பு ஊர்ற மாதிரி வரும்.”

நான் மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். எறும்பும் இல்லை, ஒன்றும் இல்லை.

அடுத்த வாரக் கூட்டத்தில் ரகுராமன் சார் இரண்டு அறிக்கைகளையும் மேஜையில் வைத்தார். நான் உணர்வு இல்லை என்று எழுதியிருந்தேன். அவன் உணர்வு குறைவு, ஆனால் இருக்கிறது என்று எழுதியிருந்தான். சார் என்னைப் பார்த்தார். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மாற்றிச் சொல்ல விருப்பமில்லை.

“இல்லாதத இருக்குன்னு எழுதுறான் சார். கார் கம்பெனிக்காரனுக்குப் பிடிச்ச மாதிரி எழுதிப் பேரு வாங்கப் பாக்குறான்.”

நாகராஜு தன் அறிக்கையை மேஜையிலிருந்து எடுத்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

ஒரே வாரத்தில் அவனை மறுபடி அசெம்பிளி லைனுக்கு அனுப்பிவிட்டார்கள். என் பேச்சை நம்பிப் புதுப் பெடலும் பழையதுபோலக் கனக்கும்படி கனமான ஸ்பிரிங் ஒன்றை வடிவமைக்கத் தொடங்கினார்கள். கேன்டீனில் யாரோ அவனுக்குப் ‘பொய்க்கால்’ என்று பெயர் வைத்தார்கள். முதல்முறை அதைக் கேட்டபோது நானும் சிரித்தேன்.

பஞ்சு

அந்த மாதங்களை நினைத்தால் எல்லாம் கொஞ்சம் தூரத்தில் நடந்ததுபோல இருக்கிறது. தினமும் ஏதாவது ஒரு காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். சூளகிரி தாண்டும்போது பாறைக் குன்று பனிக்குமேல் தனியாக மிதக்கும். கிருஷ்ணகிரி நெருங்கக் காற்று சூடாகிக்கொண்டே வரும், ஸ்வெட்டரைக் கழற்றி பின்சீட்டில் போடுவேன். ஊத்தங்கரை தாண்டிச் சிங்காரப்பேட்டை வரைக்கும் போய், ஒரு புளியமர நிழலில் காரை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என் மனைவி செல்வி கட்டிக்கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிடுவேன். நிறைய தண்ணீர் குடிப்பேன். எவ்வளவு குடித்தாலும் தாகம் போகாது. வெயில் என்று நினைத்துக்கொள்வேன்.

நடக்கும்போது காலுக்குக் கீழே தரை மெத்தென்றிருக்கும். எனக்கு அது பிடித்துக்கூட இருந்தது. பஞ்சின் மேல் நடப்பதுபோல, கனவில் படி இறங்குவதுபோல. முன்போலக் கால் சில்லிடவும் இல்லை; ஓசூர்க் குளிருக்கு உடம்பு பழகிவிட்டது என்றுதான் எண்ணினேன். பழைய காரில் ஏறினால் எல்லாம் சரியாகவே இருந்தது. அந்தக் கனமான பெடல் முழங்கால் வரைக்கும் தொடை வரைக்கும் ஏறிவந்து பேசும். ஆகவே என் கால்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. புதுக் கார்மேல்தான் வந்தது.

ஒற்றைச் செருப்பு

மாசி மாதத்தில் ஒரு மாலை. வெயில் சாய்ந்து தெருவெல்லாம் மஞ்சளாக இருந்தது. முக்குக் கடைக்குப் போய்த் தயிர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். செல்வி வாசலில் நின்று என் காலையே பார்த்தாள்.

“ஏங்க, இன்னொரு செருப்ப எங்க விட்டீக?”

குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்கால். பாதமெல்லாம் மண்.

“கழண்டு விழுந்திருக்கும்.”

“விழுந்தது தெரியலையா?”

அவள் தயிரை வாங்கி உள்ளே வைத்துவிட்டுத் தெருவில் இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் செருப்போடு திரும்பி வந்தாள். அது கடை வாசலிலேயே கிடந்திருக்கிறது. அவ்வளவு தூரம், ஜல்லி கொட்டிக் கிடந்த தெருவில், ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறேன்.

அவள் என்னை உட்காரவைத்து இடது பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். குதிகாலில் ஒரு கீறல், ரத்தம் கசிந்திருந்தது.

“வலிக்கலையா?”

“இல்ல.”

“இத இப்ப தொடுறேனே, இது?”

அவள் தொட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

“கண்ண மூடிக்குங்க”

மறுநாள் டாக்டரிடம் போனோம். ஓசூரில் ஒரு சிறிய மருத்துவமனை. டாக்டர் ஒரு நடுவயது அம்மாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை. அதுவும் பல வருடமாக இருந்திருக்க வேண்டும் என்றார்கள். டாக்டர் மீன்பிடி நரம்புபோல ஒரு மெல்லிய நைலான் இழையை எடுத்தார்.

“கண்ண மூடிக்குங்க. நான் தொடும்போது ‘ம்’ சொல்லுங்க.”

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். எத்தனையோ வருடம் கண்ணை மூடிக்கொண்டு காலால் காத்திருந்து பழகியவன் நான். மின்விசிறி சத்தம் கேட்டது. வெளியே யாரோ கன்னடத்தில் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். டாக்டர் இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்தேன்.

அப்போது பக்கத்தில் செல்வி விசும்புவது கேட்டது.

கண்ணைத் திறந்தேன். இழை என் கட்டைவிரலுக்குக் கீழே வளைந்து நின்றிருந்தது.

“எத்தன தடவ தொட்டாங்க?” என்று செல்வியிடம் கேட்டேன்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். டாக்டர்தான் சொன்னார், “இடது கால்ல ஏழு இடம் தொட்டேன். நீங்க ஒண்ணுகூடச் சொல்லல. வலது காலும் ஆரம்பிச்சிருக்கு.” மருந்து, சாப்பாடு எல்லாம் சொன்னார். போன உணர்வு முழுதாகத் திரும்புவது கஷ்டம், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். தினமும் இரண்டு பாதத்தையும் பார்க்க வேண்டும், காயம் பட்டாலும் உங்களுக்குத் தெரியாது என்று இரண்டு முறை சொன்னார்.

எனக்கு அந்த அறையில் அழுகை வரவில்லை. தளி ஏற்றமும் பனிமூட்டமும்தான் கண்முன் வந்தன. அந்தக் காலை வேளையில் பெடல் பேசியிருக்கிறது. எறும்பு ஊர்ந்திருக்கிறது. நாகராஜு இருந்ததைத்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறான்.

மூன்று வாரம்

உடனே போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசை. சொல்லவில்லை.

கால் போனால் நான் யார் என்று பயம். அசெம்பிளி லைனில் நிற்கவும் முடியாது, ஊருக்குத் திரும்பவும் முடியாது. யாருக்கும் தெரியப் போவதில்லை என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. கனமான ஸ்பிரிங் பொருத்திய முதல் பெடல் மாதிரிக்காகச் செய்து வந்தது. ரகுராமன் சார் என்னைத்தான் முதலில் மிதிக்கச் சொன்னார். மிதித்துவிட்டு, “இப்ப பரவால்ல சார்” என்றேன். எனக்கு அதிலும் ஒன்றும் தெரியவில்லை.

அன்று லைனைத் தாண்டிப் போகும்போது நாகராஜு பெடலுக்கு நட்டு முடுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒருவன், “டேய் பொய்க்கால், அந்த டிரேய எடு” என்றான். அவன் எடுத்துக் கொடுத்தான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

செல்வி எதையும் தூண்டித் துருவுகிறவள் இல்லை. ஒருநாள் சாப்பாடு போடும்போது மட்டும் கேட்டாள், “அந்தத் தளிக்காரத் தம்பிகிட்ட சொல்லிட்டீகளா?”

“இன்னும் இல்ல.”

“சரி” என்றாள். அந்தச் ‘சரி’யை என்னால் தாங்க முடியவில்லை.

தளிக்குப் போன ஞாயிற்றுக்கிழமை

பஸ்ஸில் போனேன். நாகராஜு தோட்டத்தில் பீன்ஸ் கொடிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், “ஏனு குரு, இஷ்டு தூரா?” என்றான். இவ்வளவு தூரம் என்ன விஷயம் என்று கன்னடத்தில் கேட்டவன், என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு வந்தான். “என்ன ஆச்சு?”

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பு, நைலான் இழை, ஏழு இடம். அவன் கயிற்றை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

“எப்பத்திலிருந்து தெரியும்?”

“மூணு வாரமா.”

“மூணு வாரமா தெரிஞ்சும் லைனாண்ட தெனம் என்னப் பாத்துக்கினுதான் போன?”

“ஆமா.”

“ரெண்டு மாசமாப் பொய்க்கால்னு கூப்டறாங்க. வூட்டுல பையன் கேக்கறான், ஏன்ப்பா உன்ன டெஸ்டுல இருந்து எடுத்துட்டாங்கன்னு. என்னான்னு சொல்றது நானு? கால் மரத்துப் போனது உன் தப்பு இல்ல. அத நான் சொல்லமாட்டன். பேரு வாங்கப் பாக்குறான்னு சொன்ன பாரு. அது காலு சொல்லல. நீ சொன்ன.”

கொடிகளுக்கு நடுவில் காற்று போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் யாரோ தண்ணீர் பாய்ச்சும் சத்தம். அவன் ஒரு முடிச்சைப் போட்டு, இழுத்துப் பார்த்து, அடுத்த கொடிக்கு நகர்ந்தான்.

“என்கிட்ட வந்து சொல்லி என்னா பிரயோஜனம்?” என்றான். “எந்த ரூம்ல சொன்னியோ அங்க சொல்லு. அதே ஆளுங்க முன்னாடி.”

டீ கொடுக்கச் சொல்லி வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தான். சர்க்கரை போடாம, என்றும் சேர்த்துச் சொன்னான். ஆனால் நான் குடித்து முடிக்கும்வரை என்னோடு உட்காரவில்லை.

அதே அறை

திங்கட்கிழமை சொன்னேன். ரகுராமன் சார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, “நானும் ரெண்டாவது ஆளு சொன்னதக் கேட்டிருக்கணும்” என்றார். நாகராஜுவை லைனிலிருந்து கூப்பிட்டனுப்பினார். எல்லார் முன்னாலும் நான் அவனைப் பற்றிச் சொன்னது பொய் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையை அசைத்தான். அவ்வளவுதான்.

ஸ்பிரிங் வேலையை நிறுத்தினார்கள். இரண்டு கார்களையும் வைத்து, கண்ணைக் கட்டி, பலபேரை மிதிக்க வைத்தார்கள். அலுவலகத்தில் வேலை பார்த்த பெண்கள், டிரைவர்கள், செக்யூரிட்டி வரைக்கும். பெரும்பாலானவர்கள் நாகராஜு சொன்னதைத்தான் தங்கள் வார்த்தையில் சொன்னார்கள்: புதுக் காரில் உணர்வு இருக்கிறது, ஆனால் மெல்லியது. ரொம்பவே மெல்லியது, பழைய வண்டிக்காரர்கள் குறைசொல்வதில் நியாயம் இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். கடைசியில் ஸ்பிரிங்கைத் தொடாமல், எண்ணெய்க் குழாயில் நடுக்கத்தை விழுங்கும் ஒரு சின்னப் பாகத்தை மட்டும் மாற்றினார்கள். அந்த யோசனையும் நாகராஜுவினுடையதுதான்.

அவன் டெஸ்ட் டீமுக்குத் திரும்பினான். கேன்டீனில் அந்தப் பெயர் மெல்ல மறைந்தது. என்னை ஓட்ட வேண்டாம் என்றார்கள். அது சரிதான். பிரேக்கையும் அந்தக் கால்களை நம்பித்தானே மிதிக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் ரகுராமன் சார், நாகராஜுவுக்கு விரிவாக எழுத வராது, நீ பக்கத்தில் உட்கார்ந்து அவன் சொல்வதை எழுது என்றார். நாகராஜு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

முதல் சில வாரங்கள் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை. அவன் மிதிப்பான், சொல்லுவான், நான் எழுதுவேன்.

மாம்பழக் காலம் தொடங்கிய ஒரு மதியம், கிருஷ்ணகிரி அணைப் பக்கம் ஒரு மரத்தடியில் காரை நிறுத்தினோம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவினான். பிறகு என் காலைக் காட்டி, “ஷூவக் கழட்டு” என்றான்.

“எதுக்கு?”

“காலைல இருந்து ஒரு பக்கமா சாஞ்சு நடக்கற. கழட்டு.”

கழற்றி அவனிடம் கொடுத்தேன். கவிழ்த்துத் தட்டினான். சின்ன இரும்பு நட்டு ஒன்று தரையில் விழுந்தது. காலையில் லைன் வழியாக வரும்போது உள்ளே போயிருக்க வேண்டும். அரை நாள் அதன் மேல் நடந்திருக்கிறேன்.

அவன் மண்டிபோட்டு உட்கார்ந்து என் இடது பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். சாக்ஸைக் கழற்றி, வெளிச்சத்துக்குத் திருப்பி, விரல்களுக்கு நடுவில்கூட ஒவ்வொன்றாகப் பார்த்தான். நட்டு அழுத்திய இடம் சிவந்து பள்ளமாக இருந்தது. தோல் கிழியவில்லை.

“இதுகூடத் தெரியலையா குரு?”

தளிக்குப் போய்வந்த பிறகு அன்றுதான் என்னை அப்படிக் கூப்பிட்டான்.

“தெரியல” என்றேன்.

அவன் அந்தச் சிவந்த இடத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தேய்த்துக்கொண்டே இருந்தான். எனக்கு அது தெரியவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.